விற்காமல் போன பத்திரம்

அந்தப் பங்கை வாங்க ஆளே இல்லை. ஒரு நாள் அல்ல, தொடர்ந்து ஐந்து நாள். காலையில் சந்தை திறந்ததும் விலை அன்றைக்கு எவ்வளவு இறங்க அனுமதியோ அவ்வளவும் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். விற்கிற பக்கம் பெரிய வரிசை நிற்கும். வாங்குகிற பக்கம் பூஜ்யம். செம்பூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே அந்தப் பூஜ்யத்தைப் போனில் பார்த்து அழுதேன். போன வருஷம் மழை தொடங்கிய மாதத்தில் என் நிலைமை இதுதான், சகோதர சகோதரிகளே.

என் பெயர் எஸ்தர். தாராவியில் மேல்மாடி அறை ஒன்றில் நானும், நான் அத்தான் என்று கூப்பிடுகிற என் கணவர் தவராஜும் குடியிருக்கிறோம். அவர் அம்பர்நாத்தில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். ஃபேக்டரியை மூடியபோது கணக்கு முடித்து ஒரு தொகை கொடுத்தார்கள். அதே சமயத்தில்தான் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எங்கள் அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதியில் நின்றுவிடுவார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, வருஷம் முடிவதற்குள் மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே ஃபேக்டரி கொடுத்த பணம் எங்களுக்குப் பணம் அல்ல. அதுதான் அவருடைய வால்வு.

எனக்கு ஒரு சுபாவம் உண்டு. ஏன், எப்படி என்று கேட்காமல் எதையும் விடமாட்டேன். காணிக்கைப் பைக்கு ஏன் சிவப்புத் துணி என்று சின்ன வயதில் கேட்டு ஞாயிறு பள்ளி டீச்சரிடம் குட்டு வாங்கியவள் நான். பணம் கைக்கு வந்ததும், பாங்கில் போட்டால் என்ன, வேறு எங்காவது போட்டால் என்ன என்று எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் வசந்தா மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன். மாட்டுங்காக்காரர். பல வருஷமாகப் பங்கு வாங்கி விற்பவர்.

"ஆபரேஷனுக்கு வேணுங்கற பணத்தை கவர்மென்ட் பாண்டுல போட்டுடு எஸ்தர். டிசம்பர்ல மெச்சூர் ஆறதா பாத்து வாங்கு. நடுவுல வெலை ஏறும், எறங்கும். அதைப் பாக்காதே. கடைசி வரைக்கும் வெச்சுண்டா சொன்னது சொன்னபடி வந்துடும்" என்றார்.

அரசாங்கப் பத்திரத்துக்கே விலை ஏறி இறங்குமா? எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் மதிப்பு குறையும், ஏனென்றால் புதிதாக வருவது கூடுதலாகத் தருகிறது என்று அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அதை வீட்டில் வந்து அத்தானுக்கும் விளக்கினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, "செரி, பத்திரத்துல போடு. அதத் தொடப்பிடாது. மிச்சம் கொஞ்சம் இருக்குலா, அத நீ எப்பிடியும் பாத்துக்க" என்றார்.

டிசம்பரில் முதிரும் பத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, அந்த மிச்சத்தில்தான் பங்கு வாங்கினேன். முதலில் நன்றாகவே போனது. போனில் ஒரு தட்டு தட்டினால் வாங்கலாம், இன்னொரு தட்டில் விற்கலாம். ஒரு நாள் ஏறியது, மறுநாள் இறங்கியது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் ஏதோ பேசினால் இங்கே சயான் பஸ்ஸில் நிற்கிற என்னுடைய பங்கு ஏன் விழ வேண்டும்? இதைப் பற்றி யோசித்துக்கொண்டே நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பை இரண்டு முறை விட்டிருக்கிறேன்.

இங்கே என் தப்பைச் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற விசுவாசிகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. நம் எல்லார் வீட்டிலும் வாக்குத்தத்தப் பெட்டி இருக்கிறது. காலை ஜெபம் முடிந்து அதிலிருந்து ஒரு பைபிள் வசன அட்டை எடுப்போம், அன்றைய நாளுக்கு ஒரு ஆறுதல். நான் அதை எடுத்துச் சந்தையிடம் காட்டினேன். "உயர்த்துவேன்" என்கிற பொருளில் அட்டை வந்தால் வாங்கினேன். "பயப்படாதே" என்று வந்தால் விழுந்துகொண்டிருப்பதை விற்காமல் வைத்துக்கொண்டேன். ஆய்வுக்கூடத்துப் பழக்கத்தில் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதியும் வைத்தேன்: வந்த அட்டை, செய்த காரியம், நடந்தது. ஏறிய நாட்களில் "கர்த்தர் செய்தார்" என்று எழுதினேன். இறங்கிய நாட்களில் "என் விசுவாசக் குறைவு" என்று எழுதினேன். இப்படி எழுதினால் எந்தச் சோதனைதான் தோற்கும்? அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை, பெருகப்பண்ணுவதைப் பற்றி ஒரு அட்டை வந்தது. மிச்சப் பணம் முழுவதையும் ஒரே சின்னக் கம்பெனிப் பங்கில் போட்டேன். பெயர் வேண்டாம். இரண்டு வாரம் ஏறியது. நான் பஸ்ஸில் பாட்டுப் பாடாத குறைதான். அப்புறம் சந்தை முழுவதும் ஆட ஆரம்பித்தது. மற்றவை விழுந்து எழுந்தன, என்னுடையது விழுந்ததோடு சரி. கம்பெனியைப் பற்றி ஏதோ விசாரணை என்று செய்தி வந்த பிறகுதான் வாங்க ஆளில்லாத அந்த நாட்கள் தொடங்கின.

அத்தானிடம் சொல்லவில்லை. வீட்டில் வாயே திறக்கவில்லை. அவர் ஏதாவது கேட்டால் ம் என்பேன். மூச்சு வாங்குகிற மனிதரிடம் எதைச் சொல்வது?

பிறகு இன்னும் பெரிய புத்தி ஒன்று வந்தது. இந்தப் பங்கு இப்போது மலிவு. இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டால், ஏறும்போது சீக்கிரம் ஈடுகட்டலாம். வாங்கப் பணம்? பத்திரம் இருக்கிறதே. திங்கட்கிழமை காலை, பிரேயர் பெல் அடிப்பதற்கு முன்னால், ஆபரேஷன் பத்திரத்தை விற்க ஆர்டர் போட்டேன். தொடக்கூடாது என்று அத்தான் சொன்னது நினைவிருந்தது. போட்டுவிட்டேன்.

விற்கவில்லை.

சாயங்காலம் ஆர்டர் தானாகவே ரத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் போட்டேன். புதன். வியாழன். நான் கேட்ட விலைக்கு ஒருவரும் வரவில்லை. எனக்கு ஆண்டவர் மேல் கோபமே வந்துவிட்டது. கையில் இருக்கிற குப்பையையும் விற்க முடியவில்லை, தங்கம் போன்ற பத்திரத்தையும் விற்க முடியவில்லை, எல்லாக் கதவையும் ஏன் அடைக்கிறீர் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ஆர்டர் போடவில்லை. உபவாசம் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் அமில அலமாரிக்குப் பின்னால் முழங்காலில் நின்று, "திங்கட்கிழமையாவது இந்தப் பத்திரத்தை விற்றுக்கொடும்" என்று கெஞ்சினேன். அந்த வருஷத்தில் நான் அவ்வளவு உருக்கமாக வேறு எதற்கும் ஜெபித்ததில்லை.

சனிக்கிழமை சந்தை கிடையாது. அத்தான் கீழே முடிவெட்டப் போயிருந்தார். நான் வழக்கம்போல் ஒரு அட்டை எடுத்தேன். அது ஆறுதல். இன்னொன்று எடுத்தேன். அதுவும் ஆறுதல். திடீரென்று எனக்குள் அந்தப் பழைய கேள்விக்காரி எழுந்து உட்கார்ந்தாள். "விற்றுவிட்டு வெளியே வா" என்று எந்த அட்டை சொல்லும்? அப்படி ஒரு அட்டை இதற்குள் இருக்கிறதா?

பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாகப் படித்து மூன்று அடுக்காகப் பிரித்தேன். வாங்கு என்று நான் அர்த்தம் செய்துகொள்ளக்கூடியவை ஒரு அடுக்கு. பொறுத்திரு என்பவை ஒரு அடுக்கு. மூன்றாவது, விற்றுவிடு. முக்கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது அடுக்கில் ஒரு அட்டைகூட இல்லை.

எப்படி இருக்கும்? வாக்குத்தத்தப் பெட்டி அல்லவா அது! சோர்ந்துபோனவர்களைத் தேற்றுவதற்காக யாரோ அச்சடித்தது. கடிந்துகொள்ளுகிற வசனத்தையும் எச்சரிக்கிற வசனத்தையும் அதற்குள் போடமாட்டார்கள். இறங்கவே தெரியாத ஒரு தராசை வைத்து நான் இரண்டு மாதமாக நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இன்னொரு யோசனை வந்தது. நான் வாங்கிய ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் எனக்கு விற்றிருக்கிறாரே, அவரும் அன்று காலையில் ஜெபித்துவிட்டு வந்தவராக இருந்தால், ஆண்டவர் எங்கள் இருவரில் யாருக்குச் செவிகொடுப்பார்? அத்தோடு சிரிப்பு அடங்கி அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அத்தான் ஏணி ஏறி வந்தார். வாசலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கட்டில் முழுவதும் அட்டைகள்.

"என்னட்டி, சீட்டு வெளயாடுதியா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மிச்சப் பணம் போனதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பத்திரம் என்றதும் முகம் மாறியது.

"ஆபரேஷன் துட்டுலயும் கை வச்சிட்டியா? தொடப்பிடாதுன்னு சொன்னேம்லா!"

"வச்சேன் அத்தான். விக்கல."

"விக்கலன்னா?"

"நாலு நாளு போட்டேன். ஒருத்தரும் வாங்கல. அப்பிடியே இருக்கு."

போனை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஜெபத்துக்குப் பதிலே வரலன்னு அழுதுக்கிட்டு இருக்க. நாலு நாளு, நாலு தடவ நை, வேண்டாம்னு சொல்லிருக்காரு. இன்னும் எப்பிடிட்டி ஒனக்குச் சொல்லணும்?"

அந்தக் கட்டிலிலேயே இருவரும் ஜெபித்தோம். விற்றுக்கொடும் என்று ஜெபித்த அதே வாயால், விற்காமல் விட்டதற்கு ஸ்தோத்திரம் சொன்னேன். திங்கட்கிழமை ஆர்டர் போடவில்லை. நான் இன்னும் வாங்கிப் போட இருந்த அந்தப் பங்கு, ஒரு மாதத்தில் ஒரு கட்டிங் சாய், அந்த அரை கிளாஸ் டீயின் விலைக்கு வந்து நின்றது. பத்திரம் விற்றிருந்தால் என் கணவரின் வால்வு அதற்குள் போயிருக்கும்.

ஆனால் நான் நானாயிற்றே, சும்மா இருப்பேனா? பத்திரம் ஏன் விற்கவில்லை என்று வசந்தா மிஸ்ஸிடம் கேட்டேன்.

"இதுல மிராக்கிள் ஒண்ணும் இல்லை எஸ்தர். சின்ன அளவுல பாண்ட் வாங்க ஆளே அபூர்வம். அஞ்சு ரூபா கொறைச்சுப் போட்டிருந்தா அன்னிக்கே போயிருக்கும்" என்றார்.

அஞ்சு ரூபாய்! நான் ஏன் குறைக்கவில்லை? வாங்கிய விலைக்குக் கீழே கொடுக்க எனக்கு மனசில்லை. கஞ்சத்தனம்தான், வேறென்ன. அப்படியானால் எங்களைக் காப்பாற்றியது ஆளில்லாத சந்தையா, என் கஞ்சத்தனமா, கர்த்தரா? பல நாள் யோசித்தேன். டீச்சர் சொன்னது முழுக்க உண்மை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் என் கஞ்சத்தனத்தைக்கூட ஒரு பூட்டாக வைத்து எங்கள் கதவை அடைக்க ஒருவரால் முடியும் என்றும் நம்புகிறேன். இரண்டும் ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. இந்தக் கேள்வியை நான் இன்னும் மூடி வைக்கவில்லை.

டிசம்பரில் பத்திரம் முதிர்ந்தது. சொன்னது சொன்னபடி பணம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆபரேஷன் நடந்தது. நீங்கள் எல்லாரும் உபவாசித்து ஜெபித்தீர்கள், அதை நாங்கள் மறக்கமாட்டோம். இப்போது அவர் ஏணியில் நிற்காமல் ஏறுகிறார். எனக்கு முன்னால் ஏறிவிட்டு மேலே நின்று கேலி வேறு செய்கிறார்.

நான் இன்று பங்கே வாங்குவதில்லை என்று சொன்னால் பொய். சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து, அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று படித்து, அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறேன். அவருக்குப் புரியும்படி என்னால் சொல்ல முடியவில்லை என்றால் எனக்கே அது புரியவில்லை என்று விட்டுவிடுகிறேன். காலையில் அட்டை எடுக்கிறேன், ஆறுதலுக்காக மட்டும். உங்களில் யாராவது ஒரு கதவை நாள் கணக்காகத் தட்டிக்கொண்டு, ஆண்டவர் பேசவில்லை என்று அழுதுகொண்டிருந்தால், ஒரு நாள் தட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பதில் ஒருவேளை ஏற்கெனவே வந்திருக்கும். ஆண்டவரை நம்புங்கள். கேள்வி கேட்டுக்கொண்டே நம்புங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஒன்று பாக்கி. என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்றுதான் இந்தச் சாட்சியில் இதுவரை எழுதினேன், அது பாதிக் கதைதான். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிற அன்று காலையில், பச்சைத் துணி உடுத்திப் படுத்திருந்த அத்தானிடம் கேட்டேன். "நான் பத்திரம் விக்கணும்னு ஜெபம் பண்ணுன அந்த வாரம், நீங்க எதுக்காக ஜெபம் பண்ணுனீங்க? வால்வுக்கா?"

"வால்வுக்கு டாக்டர் இருக்காரே" என்றார். "நீ ஒரு மாசமா வாயத் தொறக்கல. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கெடையாது. வீடு வீடாவே இல்ல. ஆண்டவரே, அவள எப்பிடியாவது எங்கிட்ட பேச வையும்னு கேட்டேன். அவ்ளோதான்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்று, உம்மிடம் என்னைக் கேட்டு வாங்கிய மனிதரைத் திருப்பித் தாரும் என்று ஜெபித்தேன்.