உறை பிரித்த லட்சுமிகள்

வெள்ளிக் காசு வாங்கும் விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவள். கோயமுத்தூர் பெரிய கடை வீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன். செய்கூலி எங்கே குறைவு, தர முத்திரை சரியாக இருக்கிறதா, திரும்ப எடுப்பார்களா என்று குடைந்து குடைந்து கேட்டேன். கடைசியில் ஒரு கடைக்காரர், முதலீடு என்றால் சாமி உருவம் இல்லாத காசே போதும், செய்கூலியும் மிச்சம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மொட்டைக் காசை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? லட்சுமி இருப்பதைத்தான் எடுத்தேன். அதன் பிறகு சம்பள நாளில் மாதம் ஒன்று.

காசு ஓர் அட்டையில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டியிருக்கும். "எப்ப விக்கறதா இருந்தாலும் இந்த உறையோட கொண்டாங்க அம்மணி. பிரிச்சுப்போடாதீங்க" என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் தலையாட்டுவேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் வேலை, கத்தரிக்கோலால் உறையை வெட்டுவது. பிளாஸ்டிக்குக்குள் மூச்சுமுட்ட உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படி மஞ்சள் வைப்பது? பாலில் கழுவி, பொட்டு வைத்து, மரப்பெட்டியில் சேர்த்தேன். அட்டைகள் குப்பைக்குப் போயின.

இந்தக் கோடையில் அவிநாசிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பின் போர் வற்றிவிட்டது. மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. என் வீட்டுக்காரர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதும், பாதிச் சாப்பாட்டில் எழுவதுமாக இருந்தார். புதுப் போர் போடாவிட்டால் தோப்பு போய்விடும். வெள்ளி விலை உச்சியில் இருந்த நேரம். பெட்டியை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு காசை மட்டும் வைத்துக்கொள், முதல் தண்ணீரில் நனைத்துக் கும்பிடலாம் என்றார். நல்லதாக ஒன்றைக் கடையிலேயே பொறுக்கிக்கொள்ளலாம் என்று அப்படியே பெட்டியோடு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் உறை எங்கே என்று கேட்டார். மஞ்சள் படிந்த காசுகளைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. ஒன்றை எடுத்து மரக்கட்டையின் மேல் வைத்தார். உரசிப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். உளியை வைத்து ஒரே அடி அடித்தார். லட்சுமியின் தோளிலிருந்து மடி வரை பிளந்துவிட்டது.

 

"உள்ள செம்பா வெள்ளியான்னு வெட்டிப் பாக்காம எப்படீங்க தெரியும்? உறையோட இருந்திருந்தா உளியே எடுத்திருக்க மாட்டேனுங்க" என்றார், பாவம், அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

அந்தக் காசைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மீதி எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். அவற்றை உருக்கத்தான் போகிறார்கள் என்று தெரியும். ஆனாலும் மளமளவென்று போட்டேன். கண்ணெதிரே வெட்டுப்பட்டவள் மட்டும்தான் அப்போது என் நினைப்பில் இருந்தாள். முழுசாக ஒன்றை எடுத்துவைக்க வேண்டும் என்பது பஸ் பாதி தூரம் வந்த பிறகே நினைவு வந்தது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.

போர் போட்ட அன்று வெகு ஆழம் வரை வெறும் புழுதிதான் பறந்தது. செய்த பாவம் என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சேறாக வந்து, பிறகு தண்ணீர் பீறிட்டது. அவர் சின்னப் பையன் மாதிரி நனைந்துகொண்டே ஓடி வந்து கையை நீட்டினார். காலையிலேயே காசை முடிந்துவைத்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்துபோனது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"மத்ததெல்லாம்?"

"இந்நேரம் உருக்கியிருப்பாங்க."

"ஒடைஞ்சதக் கும்புடக் கூடாது கண்ணு" என்று என் கையிலேயே திருப்பி வைத்தார். சட்டைப் பையைத் துழாவி ஒரு ரூபாய்க் காசை எடுத்து, மஞ்சள் தடவி, தண்ணீரில் நனைத்துக் கும்பிட்டார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

தென்னை தேறிவிட்டது. வெட்டுப்பட்ட காசைச் சாமி அறையில் வைக்க முடியவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் எடைக்கு எடை தருவார்கள். கொண்டுபோகக் கால் வரவில்லை. இந்த மாதம் கடைக்காரர் சொன்ன மொட்டைக் காசைத்தான் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலையில் அதன் உறையைக் கத்தரித்துப் பிரித்து, காசை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இவளை வைத்தேன்.