டாக்டரின் பல்லைப் பதம் பார்த்த மிட்டாய்

டோக்கன் அக்கா அடுப்பில் கேரட்டைக் கிளறினால் ஏழு தெரு தாண்டி மணக்கும். சரி, ஏழு தெரு என்பது கொஞ்சம் ஓவர்தான். மாடிப்படி வரைக்கும் வரும், அதுவும் அடிப்பிடித்த நாளில்.

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவள் வேலை. அவளை உறுத்தியது மேசைமேல் இருந்த மிட்டாய் ஜாடி. அழாமல் பல்லைக் காட்டிய குழந்தைக்கு டாக்டர் அதிலிருந்து சர்க்கரை மிட்டாய் கொடுப்பார். தீயை அணைத்துவிட்டுத் தீப்பெட்டியைப் பரிசளிப்பதுபோல.

"ஏன் சார், நாமளே சொத்தைப் பல்லுக்கு விதை போடணுமா?"

"குழந்தைங்க வேற எதைம்மா திங்கும்? நீ செஞ்சு கொண்டா. எனக்குப் பிடிச்சா ஜாடியில உன் மிட்டாய். இல்லைன்னா இந்தப் பேச்சே கூடாது."

அன்றே கேரட்டையும் பீட்ரூட்டையும் வேகவைத்து மசித்தாள். பேரீச்சம்பழத்தை அரைத்துச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து கிளறினாள். தட்டில் கொட்டினால் அல்வா மாதிரி நெளிந்தது. மிட்டாய் என்றால் விறைப்பாக நிற்க வேண்டாமா? மறுபடி அடுப்பில் ஏற்றி, கை ஓயும்வரை கிளறினாள்.

பஞ்சர் கடை வைத்திருக்கும் கணவர் ஒரு துண்டை இழுத்துப் பார்த்தார். "பிரமாதம்டீ. இதை வெச்சு ஒட்டினா லாரி டயரே ஆயுசுக்கும் தாங்கும்."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள், நோயாளிகள் நிறைந்திருந்த கூடத்தில், டாக்டர் ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. "அட!" என்றார். அடுத்த கடியில் மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டன. விரலை விட்டு இழுத்தார். மிட்டாய் வந்தது; கூடவே அவருடைய கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த கேப்பும் வந்தது.

கூடத்தில் கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் வாயைத் திறந்தார். "என் டோக்கனை டாக்டருக்கே குடுத்துடும்மா. நான் காத்திருக்கேன்."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். மிட்டாய் போனால் போகட்டும், வேலையும் போய்விடுமே! அக்கா மிட்டாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கம் நடந்தாள்.

"ஏம்மா, அதை எங்க தூக்கிட்டுப் போற?" கதவிடுக்கில் டாக்டரின் தலை தெரிந்தது.

"கொட்டிடறேன் சார்."

"வெச்சிட்டுப் போ."

அவ்வளவுதான். சர்க்கரை மிட்டாய்க்கு அன்றோடு கல்தா. இன்றுவரை டோக்கன் அக்காவின் மிட்டாய்தான் அந்த ஜாடியில் ராணி மாதிரி கொலுவிருக்கிறது.

கதையின் இந்த இடத்தில், கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கும் ஆயா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் குறுக்கிட்டாள்.

"எந்த ஜாடி? அதுல இன்னிக்கும் அதே சர்க்கரை மிட்டாய்தான். அக்காவோடதை டாக்டர் டிராயர்ல பூட்டியில்ல வெச்சிருக்காரு! யாரும் இல்லாதப்போ ஒண்ணு எடுத்து, கேப் இல்லாத பக்கமா ஒதுக்கிக்கிட்டு மெல்றாரு."