பத்தாவது தட்டு

கரும்பலகைக்கு அடியில் விழுந்த சுண்ணக்கட்டியை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. 1956 பெப்ரவரி, ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால். பொகவந்தலாவைப் பக்கத்தில் நான் தோட்டப் பள்ளி ஆசிரியர். ஞாயிறுகளில் எங்கள் சிறிய புரொட்டஸ்தாந்து சபைக்கு உபதேசியார்.

முதுகெலும்பில் காசநோய் என்றார் டாக்டர். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசி). தாடை முதல் இடுப்பு வரை பிளாஸ்டர் (ஈரத்துணியோடு சுற்றிக் கல்லாக இறுகவிடும் சுண்ணக் கட்டு). எத்தனை மாதம் என்று கேட்டேன்.

"அத உங்க எலும்புதான் சொல்லணும், மாஸ்டர்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்தே கிடந்தேன். கூரையில் முப்பத்தொரு பலகை. தலையைத் திருப்ப முடியாது. இப்படிப் பிளாஸ்டருக்குள் கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வலியைத் தாங்கிவிடலாம், கட்டுக்குள் எடுக்கும் அரிப்புத்தான் அழவைக்கும்.

எனக்கு அதைவிட மோசமான ஒன்று நேர்ந்தது. எங்கள் சபையில் எழுதிவைத்த ஜெபம் கிடையாது. மனதில் எழுவதைச் சொந்த வார்த்தையில் சொல்வோம். அரை மணி நேரம் தடங்கலின்றி ஜெபிப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான். மூன்றாம் வாரம் "பிதாவே" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாட்குறிப்பில் நாற்பது நாள் "ஜெபம் இல்லை" என்று எழுதினேன். இப்படிப்பட்டவன் எந்த முகத்தோடு சபைக்குத் திரும்புவது?

அப்போது பக்கத்துக் கட்டிலுக்குச் சவரிமுத்து வந்தார். எனக்கு அவர் வெறும் குரல்தான். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் இரண்டு கைகளும் வெந்தவர், கத்தோலிக்கர். கட்டுப்போட்ட கைகளால் ஜெபமாலை உருட்ட முடியவில்லை.

"மாஸ்டர், நான் சொல்றேன், எண்ணிக்கைய மட்டும் நீங்க பாத்துக்கங்க. பள்ளிக்கூடத்துல அதத்தானே சொல்லிக்குடுக்குறீங்க."

மரியாளிடம் மன்றாடக் கூடாது என்று பிரசங்கித்தவன் நான். எண்ணுவது ஜெபிப்பதாகாது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மரியாளை வாழ்த்தும் மங்கள வார்த்தை ஜெபம் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர்மேல் பென்சிலால் ஒரு தட்டு. பத்தாவதற்கு விரல் முட்டியால் பலமாக. அது கேட்டதும் அவர் பிதாவை நோக்கிச் சொல்லும் பரலோக மந்திரத்துக்குப் போவார்.

பதிலுக்கு, வேதப் புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து துன்பத்தில் கடவுளோடு வழக்காடிய யோபுவின் கதையை வாசித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. கோயிலில் பூசை லத்தீனில்.

"இந்த ஆளு எங்க பக்கமா, உங்க பக்கமா?"

"நாம பிரியறதுக்கு ரொம்ப முந்தியே செத்துட்டாரு."

"அப்ப பயமில்லாம கேக்கலாம்." சில அதிகாரங்கள் கேட்டபின், "கடவுள்கிட்டயே இப்புடிச் சண்ட போடலாமா மாஸ்டர்? எங்களுக்கு யாரும் சொல்லலியே."

மறுநாள் ஜெபமாலை முடிந்ததும் அவர் நிறுத்தவில்லை. இந்த விரல் மடங்காவிட்டால் பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவது என்று ஆண்டவரிடம் நேராகக் கேட்டார். சொந்த வார்த்தையில்.

ஒரு பிற்பகல், மழை. அவர் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"பத்து இன்னும் ஆகலியா மாஸ்டர்? தொண்ட காஞ்சுபோச்சு."

எத்தனை ஆயிற்று என்று தெரியவில்லை. எண்ணிக்கையில் தவறிப் பழக்கமில்லாதவன். தூங்கவுமில்லை. அவருடைய வார்த்தைகளின்மேல், எதுவும் வேண்டிக்கொள்ளாமல், கடவுளுக்கு முன் வெறுமனே கிடந்திருக்கிறேன். அன்று "ஜெபம் இல்லை" என்று எழுதப் பென்சிலை எடுத்து, எழுதாமல் வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் சவரிமுத்து என் முகத்துக்கு மேலே குனிந்தார். முதன்முறையாக அவரைப் பார்த்தேன்.

"ரெண்டு விரலு மடங்கல. ஆண்டவருகிட்டயே கோவிச்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்கு ஒக்டோபரில்தான் பிளாஸ்டரை வெட்டினார்கள். முதல் ஞாயிறு சபையில் நின்று "பிதாவே" என்றேன். வழக்கமான அரை மணிக்காக எல்லோரும் தலை குனிந்தார்கள். வார்த்தை வரவில்லை. இம்முறை தேடவுமில்லை. விரல் மேசையில் மெல்லத் தட்டியது. பத்தாவதில் முட்டியால் தட்டி, "ஆமென்" என்றேன்.

"டாக்டர் வாயையும் சேத்துக் கட்டிட்டாராங்க?" என்று வழியில் கேட்டாள் என் மனைவி எஸ்தர். பிறகு கொஞ்சதூரம் நடந்ததும், "அடுத்த வாரமும் அப்புடியே செய்யுங்க" என்றாள்.

கட்டு இன்னும் இருப்பதாகவே என் உடல் நினைக்கிறது. குனியும் முன் தயங்குகிறது. நாட்குறிப்பில் அந்த ஞாயிறு ஜெபம் எத்தனை நிமிடம் என்று எழுத இடம் விட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.