ஆட்டுக்கல்லுக்காக ஒரு பிராது

கோர்ட்டில் வேலை பார்க்கிறவன் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டிவனம் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. வாசலில் வந்து நிற்கிற குடியானவர்களிடம், "யோவ், வரப்புத் தகராறுக்கெல்லாம் வக்கீல் வைக்காதே, கோவணமும் மிஞ்சாது" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். எனக்கென்று வந்தபோது அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

விஷயம் ஓர் ஆட்டுக்கல். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள்; எங்கள் கோர்ட்டில் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு ஆட்டுக்கல் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. அரிசி அரைபடாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். உளியால் கொத்திவிட்டால்தான் மறுபடி பிடிக்கும். கொத்தி வைக்கச் சொல்லி மனைவியிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வருவார். அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர். அன்றைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கொல்லையில் கல் ரெண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்த ஆளும் ஓடிப்போகவில்லை. கல்லுக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கல்லுல விரிசல் இருந்துதுங்க. அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் உளி வெச்சேன். வேற கல்லு ஒண்ணு கொண்ணாந்து போட்டுடறேங்க."

வேறு யாராக இருந்தாலும் சரியப்பா என்று விட்டிருப்பான். எனக்குக் கல் வேண்டாம். "என் தப்பு"ன்னு அவன் வாயால் சொல்ல வேண்டும்.

"தப்புன்னு ஒத்துக்கய்யா மொதல்ல!"

"எப்படிங்க? அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க..."

"அம்மாவை ஏன்யா இழுக்கறே?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினேன். "சொன்னானா இவன்? சொல்லியிருக்க மாட்டான். எனக்குத் தெரியாதா இவனுங்களை!" கேள்வியும் நானே, பதிலும் நானே. அவள் "அது வந்து..." என்றாள். அதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பிராது போட்டாயிற்று. எங்கள் முன்சீப் அதைப் பார்த்துவிட்டு, தினமும் தன் முன்னால் நிற்கிற குமாஸ்தாவின் கேசைத் தானே விசாரித்தால் நன்றாக இருக்காது என்று ஜில்லா கோர்ட்டுக்கு எழுதி அனுப்பினார். கேஸ் விழுப்புரம் கோர்ட்டுக்கு மாறியது. வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டு பஸ் ஏற வேண்டியதாயிற்று. அங்கே என் வேலையைப் பார்க்கிறவன் என்னைவிடச் சின்னவன். காகிதக் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்புறம் வாங்க" என்பான். அதே குரலில்தான் திண்டிவனத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் வயிறு எரிந்தது.

ஒரு வாய்தாவில் என் வக்கீல், உடைந்த கல்லைக் கோர்ட்டில் காட்டினால் நல்லது என்றார். ரெண்டு துண்டையும் ரெண்டு சாக்கில் கட்டி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன்.

"இன்னா சார் மூட்டையில, மல்லாட்டையா?" என்றார் கண்டக்டர். எங்கள் பக்கத்தில் பஸ் ஏறுகிற மூட்டையெல்லாம் வேர்க்கடலைதான்.

"ஆட்டுக்கல்."

"ஏன் சார், விழுப்புரத்துல கல்லே கெடைக்கலியாமா?"

பஸ்ஸே சிரித்தது. மூட்டையை மேலே ஏற்ற ஆளில்லை. ஒரு கை கொடுக்க வந்தது யார் என்றால் என் எதிராளி. அவருக்கும் அதே பஸ்தானே. "உடுங்க ஐயா, உங்களுக்கு இடுப்பு புடிச்சிக்கும்" என்று ரெண்டு சாக்கையும் தனியாகவே கூரைமேல் ஏற்றினார். வேலையை விட்டுவிட்டு வருகிற மனிதர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது வெற்றிலையை நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த வாய்தாவில் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கேஸ் பாட்டுக்குக் கேஸ்.

இப்படியே ஒன்றரை வருஷம். அதுவரைக்கும் வீட்டில் ஆட்டுக்கல் கிடையாது. ஜெயித்த பிறகுதான் வாங்குவேன் என்று வீராப்பு. என் மனைவி ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வருவாள். "இன்னும் தீர்ப்பு வரலியா?" என்று அந்த வீட்டம்மாள் கேட்பது எங்கள் வாசல் வரை கேட்கும். இவள் ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டாள். என்னிடமும் முணுமுணுத்ததில்லை. கேஸில் என் பக்கம் எவ்வளவு உறுதியாக நிற்கிறாள் பார் என்று எனக்குப் பெருமை வேறு.

சாட்சி விசாரணை வந்தது. கல் கொத்தும்போது வீட்டில் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் பெயரைக் கொடுத்தேன்.

"அம்மா என்ன சொல்வாங்கன்னு கேட்டுட்டீங்களா?" என்றார் வக்கீல்.

"என் பொண்டாட்டி என்ன சொல்வான்னு எனக்குத் தெரியாதா சார்?"

டவாலி அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டான். கூண்டில் ஏறி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியத்தை நான் ஆயிரம் பேர் வாயில் கேட்டவன். கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் பொய்யை ஆரம்பிப்பார்கள். இவள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"கல்லுல விரிசல் இருக்குன்னு இந்த ஆள் உங்ககிட்ட சொன்னாரா?" என்று கேட்டார் என் வக்கீல். நான் ஏற்கெனவே இல்லையென்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"சொன்னாருங்க."

வக்கீல் என்னைப் பார்த்தார். முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா சொன்னார்?"

"அடிச்சா பொளந்துக்கும், உட்டுடுங்கன்னாருங்க. நான்தான் பரவால்ல அடிங்கன்னேன். அன்னிக்குக் காலையில இட்லி கல்லா இருக்குதுன்னு அவங்க தட்டைத் தள்ளி உட்டுட்டாங்க. சாயங்காலம் வர்றதுக்குள்ள கல்லு கொத்தி இருக்கணும், இல்லன்னா உன்னை உங்க அப்பன் ஊட்ல கொண்டுபோய் உட்டுடறேன்னாங்க. கொத்தாம இருந்தா என்னைத் திட்டுவாங்க. ஒடைஞ்சா கல்லோட போய்டும்னு நெனச்சேனுங்க."

"இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தக் கேசே வந்திருக்காதேம்மா?" என்றார் முன்சீப்.

"சொல்லலாம்னு எத்தினியோ வாட்டி ஆரம்பிச்சேனுங்க. முடிக்க உட மாட்டாங்க. இங்கதான் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் பேசாம இருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. எதிராளி தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக அவர் வெட்கப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிராது தள்ளுபடி ஆயிற்று, எதிராளியின் செலவும் என் தலையில்.

திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் கையைக் கோத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. அதைவிட அசிங்கமாக இருந்தது. பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகத்தான் கேட்டேன், என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

"என்னைக் கண்டா உனக்கு அவ்ளோ பயமா?"

அவள் திரும்பி என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கேக்கறீங்களா, திட்டறீங்களா?"

"கேக்கறேன்."

விக்கிரவாண்டி தாண்டுகிற வரைக்கும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் குறுக்கே பேசவில்லை. பிறகு, "ஆமாங்க" என்றாள்.