முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு

நவம்பர் மாதப் புயலை அலெக்ஸாந்திரியாவில் ‘துடைப்பம்’ என்பார்கள். அதற்குப் பயந்து துறைமுகத்தை மூடப்போன வியாழக்கிழமை, கடைசியாகக் கிளம்பிய சரக்குக் கப்பலுக்கு ஷாஹினாஸின் கணவன் ரிஃப்அத் பெட்டியோடு ஓடினான். மறுநாள் கிரீட் தீவுக்கு அருகே கப்பல் மூழ்கியது. கரை ஒதுங்கியவர்களில் அவன் இல்லை.

“உடம்பு கிடைக்காட்டியும் ஜனாஸா தொழுதுடலாம்மா” என்றாள் மாமியார்.

“அவர் செத்ததை யாரு பார்த்தா?” என்று ஷாஹினாஸ் மறுத்துவிட்டாள். மருந்துக் கடையில் ஊருக்கெல்லாம் தூக்க மாத்திரை எடுத்துக் கொடுப்பவளுக்குத் தூக்கம் போயிற்று.

தோழி தஹானிதான் அவளை மதாம் இன்ஜியின் ஓய்வு யோகாவுக்கு இழுத்துப் போனாள். கடலோர மாடி வீடு. தலையணைகளை முட்டுக்கொடுத்துப் படுத்துக் கிடப்பதுதான் பயிற்சி. “என் புருஷன் இதுல எப்பவோ தேறிட்டான்” என்று தஹானி சிரிப்பாள்.

ஜனவரியில் ஒருநாள் ஜன்னல் ஒழுகியது. கம்பளிகள் நனைந்துவிட, இன்ஜி பாய்களைத் திசை மாற்றிப் போட்டு, வெள்ளை விரிப்புகளை எடுத்துவந்தாள். எல்லோரையும் வலது பக்கமாக ஒருக்களிக்கச் சொல்லிக் கழுத்துவரை போர்த்திவிட்டாள். அறை அடங்கியது.

திடீரென்று தஹானி அலறினாள். “யா அல்லாஹ்! மதாம், எங்களைப் பொணம் மாதிரி கிப்லா பார்த்துக் கிடத்தி, கஃபன் துணியும் சுத்திட்டீங்களே! குழிதான் பாக்கி!”

“அடியே, எனக்குத் தோணவே இல்லடி!” இன்ஜி கன்னத்தில் கைவைத்தாள். பெண்கள் அடித்துப் பிடித்து எழுந்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு.

ஷாஹினாஸ் மட்டும் எழவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ படுத்திருந்தார்கள். ஈரத்துணியின் குளிர். பிடரியில் மூச்சு, அவள் மூச்சோடு ஏறி, அவள் மூச்சோடு இறங்கியது. அந்தச் சுகத்தில் அப்படியே தூங்கிப்போனாள்.

உலுக்கி எழுப்பியதும் கேட்டாள்: “என் பின்னாடி படுத்திருந்தது யாரு?”

“சுவத்துல முதுகை ஒட்டிப் படுத்துட்டு, யாருன்னு கேக்குறியே!” என்றாள் தஹானி.

விரிப்பின் பின்பக்கம் நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் என்றாள் இன்ஜி. ஷாஹினாஸ் நனைந்த விரலை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

அன்றே மாமியாரிடம் சொன்னாள்: “தொழுதுடுங்க அத்தை. அவர் வந்துட்டுப் போயிட்டார்.”

அதன்பின் எந்த வகுப்பிலும் அந்தச் சுவரோரம்தான் அவள் இடம். பின்னால் ஓர் ஆள் படுக்க இடம் விட்டுப் படுப்பாள். அதுவும் தவறாமல் வரும். தூக்கமும் வரும். இப்படியே சில வருஷம்.

ஒரு மத்தியானம் கடையில் இருந்தபோது, தெரியாத துருக்கி எண்ணிலிருந்து செய்தி வந்தது:

“ஷாஹினாஸ், நான் ரிஃப்அத். அன்னைக்கு நான் அந்தக் கப்பல்ல ஏறவே இல்லை. இஸ்மிர்ல பொண்டாட்டி, பிள்ளையோட இருக்கேன். மன்னிச்சுடு.”