போல்காவுக்கு எந்தக் கம்பி

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிக்க இரண்டு பேர் இருந்தோம். ஒருவன் நான். இன்னொருவர் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவே ஜாக்கெட் தைக்கிற பாய். முகூர்த்த நாள்களில் ஒரே மாலையில் இரண்டு வரவேற்பு இருக்கும் என்பதால் இருவருக்கும் வேலை இருந்தது. ஒருமுறை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் தலைவர், பாயின் விரலில் கடிகாரம் ஓடுகிறது, என் விரலில் ஆடு மேய்கிறது என்றார். பாய் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தவர்களை மன்னித்துவிட்டேன், சிரிக்காத பாயை முடியவில்லை.

ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் ஜெர்மன் அதிகாரி ஊர் திரும்பவிருந்தார். வழியனுப்பு விருந்தில் அவர்கள் ஊரில் ஜோடியாக ஆடும் போல்கா இசையை வாசிக்க முடியுமா என்று எங்களைக் கேட்டார்கள். அதில் வரும் அக்கார்டியன் சத்தத்தைக் கீபோர்டில் கொண்டுவந்துவிடலாம். பேஸ்தான் சிக்கல். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புட்குழியில் தன் வீட்டு மாடியில் இருவரையும் வாசிக்க வைத்து ஒருவரை எடுத்துக்கொள்வதாகத் தலைவர் சொன்னார்.

நான் பத்து நாள் போல்காவே கேட்டேன். சென்னையில் வாத்தியக்கடை வைத்திருப்பவரைப் போனில் பிடித்து விசாரித்தேன். போல்காவில் பேஸ் முதல் தட்டில் விழுந்து, அடுத்த தட்டு வருவதற்குள் அடங்கிவிட வேண்டும் என்றார் அவர். அங்கே டூபா என்ற பெரிய பித்தளை வாத்தியம் செய்கிற வேலை அது. சத்தம் தடிமனாக, குட்டையாக இருக்க வேண்டும். வழுவழுப்பான தட்டைக் கம்பி, பதினைந்து அங்குல ஸ்பீக்கர், ஒலியை அமுக்கக் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். இவ்வளவு போதும்.

நான் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்ட பிறகு பாய் என்னைத் தேடி வந்தார்.

"நீ விசாரிச்சிருப்பபா. இதுக்கு இன்னா கம்பி போடணும்?"

நான் தயங்கக்கூட இல்லை. கணீரென்று ஒலிக்கிற புதுச் சுற்றுக்கம்பி போடச் சொன்னேன். சின்ன ஸ்பீக்கர் வைத்த ஆம்ப்ளிஃபயர்தான் எடுபடும் என்றேன். சத்தத்தை நீட்டிக் கொடுக்கும் பெடல் ஒன்றையும் சேர்த்தேன். ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, டீக்கும் அவரே காசு கொடுத்தார். ஓரம் அடிக்கிற மெஷினை விற்றுத்தான் அவற்றை வாங்கினார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்தான் முதலில் வாசித்தார். தாளம் துல்லியமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுரமும் அடங்காமல் அடுத்த தட்டின்மேல் போய் ஏறியது. கீபோர்டுக்காரர் பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"இன்னா பாய், பாத்திரக்கடையில பூனை பூந்த மாதிரி இருக்குது" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடி தொடங்கினார். பதற்றத்தில் இப்போது தாளமும் தவறியது. இதற்கு மேல் வேண்டாம், ஜாக்கெட் தைக்கிற வேலையையே பார்க்கலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். பாய் என்னைப் பார்த்தார். பெடலைக் கழற்றிவிட்டு, கம்பிக்கு அடியில் ஸ்பாஞ்சைச் செருகி, டோன் திருகைக் குறைத்திருந்தால் முக்கால்வாசி சரியாகியிருக்கும். அரை நிமிட வேலை. இன்னொரு துண்டு ஸ்பாஞ்ச் என் பையில் இருந்தது. நான் குனிந்து என் வயரைச் செருகிக்கொண்டிருந்தேன்.

என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என் ஸ்பீக்கர் பெட்டியைக் கீழே இறக்க ஒரு பக்கம் பிடித்தவர் பாய்தான். நன்றாக வாசித்தாய் என்று படியில் வைத்துச் சொன்னார்.

விருந்தில் வெள்ளைக்காரர்கள் வியர்க்க வியர்க்க ஆடினார்கள். பேஸை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகு பாய் ஆர்கெஸ்ட்ராவுக்கு வரவில்லை. இரண்டு வரவேற்பு வந்தால் தலைவர் ஒன்றை விட்டுவிடுவார்.

சில மாதம் கழித்து என் மனைவியின் ஜாக்கெட் துணியோடு அவர் கடைக்குப் போனேன். ஓரத்தைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். கிட்டாரை விற்றுவிட்டாராம். ஊசியை நிறுத்தாமல் சொன்னார்:

"நீ சரியாத்தான் சொன்னபா. எனக்குத்தான் கை வரல."

கடையில் வேறு யாரும் இல்லை, உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"சில பேருக்கு வராது பாய்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கேட்டார். சொன்னேன்.