கழுவிய கல்

என் வீட்டுக்காரர் வேலாயுதத்துக்குச் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கிறுக்கு என்னவோ பழைய கற்கள் மேல். அதுவும் வெறும் கல் போதாது. நூறு வருடத்துக்கு முன் எந்த மலையில், யார் எடுத்தார்கள் என்று அந்தக் காலத்திலேயே எழுதிய சீட்டு கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டார்.

இருபத்திரண்டு வருடச் சேகரிப்பில் ஒன்றுதான் அவருக்கு உயிர். பம்பாய்ப் பக்கம் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டபோது கிடைத்த இளஞ்சிவப்புப் படிகம். 1860இல் ஒரு பொறியாளர் கைப்பட எழுதிய சீட்டு அதற்கு உண்டு. லண்டன் பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமை வந்து அதைக் கண்காட்சிக்கு எடுத்துப்போவதாக இருந்தது. மனிதர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. அவருடைய ஸ்பேனர்களைக் கழுவிப் பொட்டு வைத்தேன். உயிராக வைத்திருக்கும் கல்லை விட்டுவிட மனம் கேட்கவில்லை. சீட்டுகளையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் தனியாக வைத்திருப்பார் என்ற தைரியம் வேறு. சோப்பு வெந்நீரில் ஊறவைத்து, அடியில் கறுத்து ஒட்டியிருந்ததைப் பல்துலக்கியால் சுரண்டி எடுத்தேன். பளபளத்த கல்லுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

சாயங்காலம் வந்தவர் கல்லைத் திருப்பிப் பார்த்தார். கல்லோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடியில ஒட்டியிருந்ததுதான் அந்தச் சீட்டு, சுந்தரி."

குப்பையைக் கொட்டித் தேடினேன். கஞ்சி போலக் கொஞ்சம் காகிதம் விரலில் ஒட்டியது. அந்த எழுத்து உங்களுக்கு மனப்பாடம்தானே, பழைய தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், யாருக்குத் தெரியும் என்று உளறினேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. பொய்ச் சீட்டு ஒட்டுவதற்குப் பதில் இதைக் கீழே போட்டு உடைத்துவிடலாம் என்றார்.

மறுநாள் காலை வெள்ளைத் தாளில் அவரே ஆங்கிலத்தில் எழுதினார். மூலச் சீட்டு இல்லை. ஆயுத பூசைக்காக என் மனைவி சிவகாமசுந்தரி கழுவியதில் அழிந்தது. கீழே தேதி.

"என் பேரையா போட்டீங்க?"

"நடந்ததுதானே எழுதணும்?"

பேராசிரியர் அதை இரண்டு முறை படித்தார். வருத்தம் சொல்லிவிட்டு, கல்லை எடுக்காமலே போனார். என் வீட்டுக்காரர் அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை. அது இப்போதும் கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, என் முழுப் பெயரோடு.